சிரிக்காத ஒரு படம்

செய்தி வந்தபோது மணி நாலு பத்து. அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் தேநீர் இருந்தது. அழைத்தவர் விலங்கு மீட்பு மையத்தின் பராமரிப்பாளர். எப்போதும் கத்திப் பேசுகிற மனிதருக்கு அன்று குரல் எழும்பவே இல்லை.

“சார், உங்க அத்தான் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பாத்தாங்க. மிருக டாக்டர்தானேன்னு நினைக்காதீங்க சார். நல்லாத்தான் பாத்தாங்க. ஆனா இல்ல சார்.”

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். “எங்க வச்சு?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “அந்தக் கூண்டு முன்னாடிதானா” என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அத்தானுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் சாவி நகல் எடுக்கும் கடை. நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அகலம். நீலத் திரை, சுழலும் முக்காலி, கண்ணாடி அருகே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. பாஸ்போர்ட் படமும் அடையாள அட்டைப் படமும்தான் தொழில். காலையிலிருந்து இரவுவரை அதே மூன்று வாக்கியம்: தாடையை இறக்குங்க. காது தெரியணும். சிரிக்காதீங்க.

“முதல் தடவை என்னைப் பாத்தப்பவே இந்த மனுஷன் காது ரெண்டும் தெரியுதான்னுதான் பாத்தாரு” என்பாள் அக்கா.

“தெரிஞ்சுது. ஆனா சொல்றது எதுவும் அதுல ஏறாதுன்னு அப்பத் தெரியலையே” என்பார் அத்தான்.

அரசு அலுவலகங்கள் தாங்களே படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் முக்காலி காலியானது. அந்தச் சமயத்தில் மீட்பு மையத்தில் படமெடுக்க ஒருவரைத் தேடினார்கள். விலங்குக் காட்சிசாலையின் பின்மதிலை ஒட்டிய இடம் அது. கடத்துகிறவர்களிடமிருந்தும் வீட்டில் வைத்திருந்தவர்களிடமிருந்தும் பறிமுதல் செய்த விலங்குகளை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். அநேகமாக எல்லாமே உலகத்தில் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும் இனங்கள். வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொன்றுக்கும் அடையாளப் படம் வேண்டும்: முகம், இடப்பக்கம், வலப்பக்கம். வழக்கு வந்தால் காட்டுவதற்கு. செத்துப்போனால் எது செத்தது என்று சொல்வதற்கு.

“இதுவும் பாஸ்போர்ட் படம்தான் மாப்ள” என்றார் என்னிடம். “என்ன, இங்க யாருக்கும் விசா கிடைக்காது.”

ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் பேசினார். போகப் போகக் குறைந்தது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவரப்பட்ட கிளிகளில் மூச்சிருந்தவற்றைத் தனியாகவும் இல்லாதவற்றைத் தனியாகவும் அடுக்கிப் படமெடுக்க வேண்டியிருந்தது. கடிக்கக் கூடாதென்று தேவாங்கின் பற்களை நகவெட்டியால் நறுக்கியிருந்தார்கள். அதன் வாயை ஒருவர் திறந்து பிடிக்க, இவர் கிட்டப் போய் எடுத்தார். இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பெரியம்மா அங்கே வந்தது இரண்டாவது வருடம். அது ஒரு பெண் ஒராங்குட்டான். கடலோரத்துச் சுற்றுலா விடுதி ஒன்றில் கவுன் மாட்டி வைத்திருந்து, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள வாடகைக்கு விட்டிருந்தார்கள். பெயர் வைத்தது பராமரிப்பாளர். கனத்த உடம்பு, செம்பட்டை முடி, எதற்கும் அவசரப்படாத நடை. புதிதாக யார் வந்தாலும் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு உதட்டைச் சுழிக்கும். “எங்க பெரியம்மா சம்பந்தி வீட்டு ஆளுங்களை இப்படித்தான் சார் பாப்பாங்க” என்றார் பராமரிப்பாளர்.

அத்தான் முதல்நாள் கேமராவைத் தூக்கியதும், பெரியம்மா கம்பிவலை அருகே வந்து இரண்டு கைகளையும் அணைக்கிற மாதிரி விரித்தது. உதடுகள் பின்னால் போய் அத்தனை பல்லும் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அது சிரிப்பு இல்லைங்க. பயந்தா இப்படித்தான் பல்லைக் காட்டும். அடிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தக் கையைப் பாருங்க.”

இடது கையில் இரண்டு விரல்கள் எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டியிருந்தன.

அன்று வீட்டுக்கு வந்தவர் ரொம்ப நேரம் கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “இத்தனை வருஷம் சிரிக்காதீங்க சிரிக்காதீங்கன்னு சொல்லியே சோறு தின்னவன் மாப்ள நான். இதுகிட்ட எந்த வாயால சொல்றது?”

வாயால் சொல்லவில்லை. பல வாரங்கள் வெறுங்கையோடு போய்க் கூண்டெதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கேமராவைத் தரையில் வைத்தார். பிறகு அதன் முதுகில் இருக்கும் சிறு திரையைத் திருப்பிக் காட்டினார். பராமரிப்பாளர் வாயைப் பிளந்து தூங்குகிற படம். பெரியம்மா வலைக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டி அந்த வாயைத் தொட்டுப் பார்த்தது. அதற்குப் பின் இவர் வந்தாலே மேலிருந்து இறங்கி வந்து, திரையைக் காட்டச் சொல்லி உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. கூண்டுக்குள் சாவியோ கண்ணாடியோ விழுந்தால் பிடுங்கப் போகக் கூடாது. விலங்கு தானாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் ஒரு திராட்சை. பெரியம்மா இதில் பெரிய வியாபாரி. ஒருமுறை பராமரிப்பாளரின் செருப்பு ஜோடியை இழுத்துக்கொண்டு, ஒன்றைக் கொடுத்துப் பழம் வாங்கி, அதைத் தின்று முடித்து, சாவகாசமாக அடுத்ததைக் கொடுத்து இன்னொரு பழம் வாங்கியது. அத்தானின் சட்டைப் பையில் எப்போதும் திராட்சை இருக்கும். அக்கா துவைக்கும்போது கறையைக் காட்டிக் கத்துவாள்.

ஒரு வருடத்துக்கு மேலான பிறகு அந்தப் படம் கிடைத்தது. வாய் மூடியிருந்தது. தாடை கொஞ்சம் இறங்கி, கண்கள் நேராகப் பார்த்தன. யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டிய வேலை அந்த முகத்துக்கு இல்லை. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன, இன்னிக்கும் அதே குழம்பான்னு கேக்குற மாதிரி இருக்கு” என்றாள். அத்தான் சிரித்ததில் புரையேறியது.

அடுத்த மழைக்காலத்தில் பெரியம்மாவின் தொண்டைப் பை வீங்கியது. அந்தக் குரங்குகளுக்குக் கழுத்தடியில் காற்றுப் பை ஒன்று உண்டாம். அதில் சீழ் கட்டிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துக் கீறி எடுக்காவிட்டால் நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஆனால் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே பெரியம்மா உச்சிக்கு ஏறிவிடும். ஊசியை ஊதுகுழலில் வைத்து ஊதித்தான் போட வேண்டும். அதற்கு அது பக்கத்தில் வர வேண்டும். டாக்டரம்மா அத்தானைக் கேட்டார்.

“நான் வரலை டாக்டர். அது என் கேமராவைப் பாத்து வருது.”

“அதனாலதான் கேக்குறேன்.”

“அப்புறம் என்னை நம்பாது.”

“நம்பாம உயிரோட இருக்கட்டுமே.”

அத்தான் ஒத்துக்கொண்டார்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து திரையைத் திருப்பிக் காட்டினார். டாக்டரம்மா அவர் முதுகுக்குப் பின்னால் குனிந்திருந்தார். பெரியம்மா மூச்சு இழுக்க இழுக்க இறங்கி வந்து வலையருகே அமர்ந்தது. குழல் இவர் தோளுக்கு மேலாக நீண்டது. தொடையில் ஊசி ஏறியதும் பெரியம்மா கத்தவில்லை. குனிந்து பார்த்தது. அதைப் பிடுங்கி எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வலை வழியாக அத்தானிடம் நீட்டியது.

அத்தான் வாங்கிக்கொண்டார். பெரியம்மா கையை உள்ளே இழுக்கவில்லை. உள்ளங்கையை மலர்த்திக் காத்திருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும். காலையிலேயே டாக்டரம்மா சொல்லி, சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் அத்தான் எடுத்து வெளியே வைத்திருந்தார். கொடுக்க எதுவும் இல்லை. கழுத்து தொங்குகிறவரை அந்தக் கை நீண்டபடியே இருந்ததாம்.

பெரியம்மா பிழைத்தது. கழுத்தில் குழாய் சொருகிச் சீழ் வடியவிட்டார்கள்; புண் ஆற மாதக்கணக்கானது. அதற்குப் பின் அத்தான் கேமராவோடு போன முதல்நாள், பெரியம்மா ஓடவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வலை அருகே வந்து, இரண்டு கைகளையும் விரித்து, அத்தனை பல்லையும் காட்டியது.

ஏதோ பழக்கத்தில் விரல் அமுங்கிவிட்டது என்றார் அத்தான். அந்தப் படங்களை மைய மேலாளர் பார்த்துவிட்டார். மையத்தின் ஒரு பகுதியை மக்களுக்குத் திறக்கப் போகிறார்கள். வாசலில் ஆளுயரத்துக்குப் படம் வைக்க வேண்டும்.

“இதைத்தான் வைக்கணும். எவ்வளவு அழகா சிரிக்குது பாருங்க!”

“சார், அது சிரிப்பு இல்ல.”

“பாக்குறவங்களுக்குச் சிரிப்புதானே?”

மேலாளர் கெட்டவர் இல்லை. உள்ளே இருக்கும் அத்தனை வாய்க்கும் தினமும் தீனி தேட வேண்டியவர். அத்தான் கேமராவை வாங்கி, அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். அந்த வருடத்தோடு வேலை போனது.

“வேற ஒருத்தன் வந்து எடுக்க எவ்வளவு நேரமாகும்?” என்று அக்கா கேட்டாள்.

“கேமராவைத் தூக்குற நேரம்தான்.”

“அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?”

“அவன் எடுக்கட்டும். நான் கொடுக்கலைல்ல.”

ஆனால் அதோடு விடவில்லை. வாசலில் வைக்க வேறொரு படம் தருகிறேன், திறக்கும்வரை நேரம் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டு வந்தார். பழைய படத்தைக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, “அது வேற ஆளு மாப்ள. இப்ப இருக்கறது இல்ல” என்றார். உள்ளே போக டாக்டரம்மா அனுமதி வாங்கித் தந்தார். வாரத்தில் ஒருநாள், பகல் முழுக்க அந்தப் பெஞ்சில். அக்கா சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போது, “உங்க பெரியம்மாவுக்கு இருக்கற யோகம் எனக்கு இல்ல. இந்த வீட்டுல ஒருநாள் சும்மா உக்காந்து என் மூஞ்சியப் பாத்திருப்பீங்களா?” என்பாள். அத்தான் டப்பாவை வாங்கிக்கொண்டு, “காது ரெண்டும் தெரியுது, கிளம்பறேன்” என்பார்.

முதலில் வெறுங்கை. திராட்சையை நீட்டினால் பெரியம்மா வாங்கவில்லை. அவர் போன பிறகு வந்து எடுத்துக்கொண்டது. பிறகு கையிலிருந்தே வாங்கியது. பிறகு பை. கேமரா பைக்குள் இருக்கிறதென்று எப்படியோ தெரிந்துகொண்டு, பையைப் பார்த்தே பல்லைக் காட்டியது. மறுபடி வெறுங்கையோடு மூன்று வாரம் போக வேண்டியிருந்தது. கடைசி மாதத்தில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடிந்தது. பெரியம்மா மேலே இருந்தபடி பார்க்குமாம். உதடு அசையாதாம். அதைச் சொல்லும்போது அத்தான் முகம் நன்றாக இருக்கும். இடது தோள் வலிக்கிறது என்றும் அந்த மாதத்தில்தான் சொல்ல ஆரம்பித்தார். கேமரா கனம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அத்தான் போன பிறகு பராமரிப்பாளர் என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒன்று சொன்னார். அத்தானைத் தரையில் கிடத்தி டாக்டரம்மா நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தபோது, ஆம்புலன்ஸை அழைக்க யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பெரியம்மா சரசரவென்று இறங்கி வந்து, வலையோடு ஒட்டி நின்று, கைகளை விரித்துப் பல்லைக் காட்டியதாம். எல்லாரும் போகிறவரை அப்படியே நின்றதாம்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க சார்” என்றார். சொல்லவில்லை.

கேமரா பையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று காலை அத்தான் அவரிடம், இன்றைக்கு லென்ஸின் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். படமெடுக்க இல்லை, சும்மா கழற்றி வைக்க. மூடி இன்னும் லென்ஸில்தான் இருக்கிறது.