ஏவிஸ் டிரெம்பாத்தின் அணையாத திரை

ஏவிஸ் டிரெம்பாத் தென் ஆஸ்திரேலியாவின் பழைய செம்புச் சுரங்க ஊரான மூண்டாவில் பிறந்து, பக்கத்து ஊரான கடீனாவில் மணம் முடித்து, அங்கேயே காலமானவர். அவர் பிறந்த ஆண்டு ஞானஸ்நானப் பதிவில் ஒன்றாகவும் திருமணப் பதிவில் வேறாகவும் காணப்படுகிறது. கேட்டவர்களிடம், எது இளமையோ அதையே வைத்துக்கொள்ளச் சொல்வார். மணமான பின்னும் துணிக்கடையில் நூலும் பொத்தானும் விற்றார். கணவர் லைல், வாலரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் உழைத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை.

ஓய்வு பெற்ற கையோடு லைல் ஒரு கணினி வாங்கினார். வீட்டுக் கணக்கு எழுத என்று சொல்லித்தான் வாங்கினார். எழுதியதாகத் தெரியவில்லை. அதில் வந்த சுரங்க விளையாட்டு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. சின்ன மனிதன் ஒருவன் ஏணியில் இறங்கி, மண்ணைக் குடைந்து, செம்புக் கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு, கூரை சரிவதற்குள் மேலேற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் முதல் பத்து இடங்களின் பெயர்கள் வந்து நிற்கும். விளையாட்டை விட்டு வெளியே வந்தால் அந்தப் பெயர்கள் அழிந்துபோகும். வட்டில் எழுதி வைக்கும் வசதி அதில் இல்லை.

1987 ஏப்ரலில், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைல் காலையிலிருந்து ஆடினார். ஒன்பது இடங்களிலும் அவர் பெயரே. தேநீர் கொண்டுவந்த ஏவிஸை உட்காரவைத்து ஓர் ஆட்டம் ஆடச் சொன்னார். பத்தாவது வரியில் ஏவிஸ் பெயர் ஏறியது.

"பாத்தியா, நானும் சுரங்கத்துல இறங்கிட்டேன்," என்றார் ஏவிஸ்.

"அணைச்சிடாத. நாளைக்கு உன் பேரைக் கீழே தள்ளிட்டுத்தான் நான் அணைப்பேன்."

மறுநாள் காலை தபால் நிலைய வரிசையில் நின்றவாறே லைல் சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது.

ஏவிஸ் கணினியை அணைக்கவில்லை. அடக்கம் முடிந்தது, குளிர்காலம் வந்தது, சமையலறை மூலையில் அந்தப் பச்சை எழுத்துகள் எரிந்துகொண்டே இருந்தன. லைலின் தங்கை யூனா வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

"வீடு பத்திக்கிட்டா அண்ணன் வந்தா அணைக்கப் போறான்?"

"வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்பார் ஏவிஸ்.

ஆகஸ்டில், தெருவின் பழைய மின்கம்பங்களை மாற்றப்போவதாகவும், மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் மின்சாரம் இராது என்றும் தபால் பெட்டியில் அறிவிப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமையே ஏவிஸ் ஊர் மன்றத்துக் கூடத்தில் கூடும் கணினிச் சங்கத்துக்குப் போனார். சங்கத்தின் வட்டுகளைக் காத்துவந்த கெல்வின் போல்கிங்ஹார்ன் அவருடைய பள்ளித் தோழர்.

"திரையில இருக்கிறதை அப்படியே பிடிச்சு வைக்கிற புரோகிராம் ஏதாவது இருக்கா, கெல்வின்?"

"மூணு இருக்கு. எல்லாமே ஓசி. எழுதினவன் பேருகூட ஒண்ணுல இல்ல. ஓசி மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காம எடுத்துக்க."

"எப்படிப் போடறது?"

"சுலபம். விளையாட்டை விட்டு வெளியே வந்து இதை ஏத்து. அப்புறம் விளையாட்டைத் திரும்பத் திற. எப்ப வேணுமோ அப்ப ஒரு பட்டனை அமுக்கு."

"வெளியே வந்தா பேரெல்லாம் போயிடுமே."

கெல்வினின் வாய்க்குப் போன பேஸ்டி, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த அந்த ஊர்ப் பலகாரம், பாதியில் நின்றது. அதைத் தட்டில் வைத்தார்.

"ஆமா. போயிடும்."

"உள்ளே இருந்தபடியே ஏத்த முடியாதா?"

"முடியாது, ஏவிஸ். இதுங்க முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கணும்."

"என்ன வரப்போகுதுன்னு தெரியாம யாரு முன்னாடியே ஏத்தி வைப்பா?"

"யாரும் வைக்கிறதில்ல," என்றார் கெல்வின்.

அவர் சும்மா இருக்கவில்லை. அடிலெய்டிலும் பெர்த்திலும் உள்ள சங்கங்களுக்குத் தொலைபேசியில் கேட்டார். இலவச நிரல்கள் இன்னும் சில இருப்பதாகச் சொன்னார்கள். அவையும் முதலில் ஏற்றப்பட வேண்டியவையே. அச்சுப்பொறியைப் பொருத்தி விசையை அழுத்தியபோது தாள் நிறைய அர்த்தமற்ற குறிகள் வந்தன. யூனா தன் கேமராவால் ஒரு படம் எடுத்தார். கழுவி வந்த படத்தில் திரை முழுக்க பிளாஷின் வெள்ளை வட்டம் மட்டுமே இருந்தது.

"நல்லா வந்திருக்கு. நிலா மாதிரி," என்றார் ஏவிஸ். யூனா கைக்குட்டையைத் தேடினார்.

மின்சாரம் நிற்பதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, கெல்வின் தன் கேமராவுடன் வந்தார். அவர் எடுத்த படச்சுருள் அடிலெய்டுக்குப் போய்த் திரும்பியபோது, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் பெயர்களை மறைத்தபடி ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. ஆனால் அது பிற்பாடு தெரிந்தது. அன்று அவர் கிளம்பும்போது திரையைக் குனிந்து பார்த்துக் கடிந்துகொண்டார்.

"வெளிச்சத்தையாவது குறைச்சு வச்சிருக்கக் கூடாதா? இத்தனை நாள் ஒரே படம் நின்னா எழுத்து கண்ணாடியில பதிஞ்சுடும். ஸ்கிரீனே கெட்டுப்போயிடும்."

"கெட்டுப்போறதுன்னா?"

"அணைச்சாலும் பேய் மாதிரி நிக்கும். அப்புறம் எதைப் போட்டாலும் போகாது."

"அப்படியா," என்றார் ஏவிஸ். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

அவர் போன பிறகு ஏவிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து, திரையின் ஓரத்திலிருந்த வெளிச்சக் குமிழை எந்த அளவுக்குத் திரும்புமோ அந்த அளவுக்குத் திருப்பினார். பச்சை எழுத்துகள் கண் கூசும்படி எரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை குளிர்பெட்டியின் முனகல் திடீரென்று நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. ஏவிஸ் நாற்காலியை அதன் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. சன்னல் வெயில் பக்கவாட்டில் விழும்வரை காத்திருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் சற்றே கறுத்த வரிகள் இருந்தன. எண்களைப் படிக்க முடியவில்லை; யார் எவ்வளவு எடுத்தார் என்பது போய்விட்டது. லைல், லைல் என்று பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கின. பத்தாவது வரியைத் தேட வெகுநேரம் பிடித்தது. அதுவும் இருந்தது. அதை யாரும் கீழே தள்ளவில்லை.

மின்சாரம் வந்த பிறகு கெல்வின் வேறு திரை தருவதாகச் சொன்னதை ஏவிஸ் மறுத்துவிட்டார். தேவாலயத்தில் யார் எந்த வாரம் மலர் வைப்பது என்ற முறைப்பட்டியலையும், பேஸ்டி விற்பனை அறிவிப்பையும் பல ஆண்டுகள் அந்தப் பெயர்களின்மேலேயே தட்டச்சு செய்தார். கெல்வின் தந்த நிரலைக் கணினியைத் திறந்ததும் முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவார். அதன் பொத்தானை அவர் அழுத்தி யாரும் பார்த்ததில்லை.

மின்சாரம் நின்ற அந்த வார ஞாயிறன்று வந்த யூனா, மூலை இருண்டிருப்பதைக் கண்டு நெடுமூச்சு விட்டார்.

"ஒருவழியா அணைச்சுட்ட."

"அணைச்சாச்சு," என்றார் ஏவிஸ். "அங்கேயிருந்து பாத்தா தெரியாது, யூனா. இப்படி, சன்னல் பக்கமா வந்து நில்லு."