அக்கா திருத்தி முடிக்காத கட்டு

எங்கள் அக்கா திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நடவுக்குப் போன தாய்க்கு மூத்த மகளாகப் பிறந்தார். வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் அளவுக்கு உயர்ந்தார். தம்பியான என்னையும் படிக்கவைக்கப் பாடுபட்டார். நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்கே திரும்பினேன். அதற்குக்கூட அவர் கோபித்துக்கொண்டதில்லை.

கோபமெல்லாம் மாணவர்களின் தாளில்தான். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு எப்படி வந்தோம் என்று முழு வாக்கியங்களில் எழுதியிருக்க வேண்டும். முதல் தடவை படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் "ஏன்?" என்று மட்டும் எழுதுவார். மார்க் போடுவது இரண்டாம் தடவையில்தான். "ஒரே மூச்சுல மார்க்கப் போட்டா, அந்தப் புள்ள என்ன நெனச்சு எழுதுச்சுன்னு தெரியாதுடா" என்பார். சிறுநீரகம் கைவிட்ட பிறகும் மருத்துவமனைக் கட்டிலில் மாணவர்களின் தாள்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தார்.

அக்கா போன அன்று பெரியப்பா, பாதி திருத்தியிருந்த அந்தக் கட்டைக் காட்டி, "அவ உயிரே இதுலதான்டா இருந்துச்சு. கூடவே வச்சு அனுப்பு" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கும் அதுவே சரியென்று பட்டது. என் கையாலேயே அக்காவின் நெஞ்சின்மேல் வைத்தேன். எல்லாம் எரிந்துபோனது.

ஐந்தாம் நாள் ஒரு மாணவி வந்தார். "சார், எங்க அசைன்மென்ட் மேடம்கிட்ட இருக்கு. இன்டர்னல் மார்க்கே அதுலதான் சார்." கல்லூரிக்குப் போய்த் துறைத்தலைவரிடம், "நான்தான் எரிச்சுட்டேங்க, புள்ளைங்க மேல தப்பில்லைங்க" என்று அழுதேன். பிள்ளைகளை மறுபடி எழுதச் சொல்லி வாங்கினார்கள். பிரித்துக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மார்க் போட்டார்கள்.

அந்த மாணவியே புதிய கட்டைக் கொண்டுவந்து அக்காவின் படத்தின் முன் வைத்தார். "மார்க் வந்துருச்சு சார். ஆனா யாரும் படிக்கல."

நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியும் புரியவில்லை. எந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. அக்கா, இந்தப் பாவி என்ன காரியம் செய்துவிட்டேன்!

டயாலிசிஸுக்கு அலுக்காமல் அழைத்துச் சென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், இத்தனை நாளும் எங்களுக்கும் சேர்த்துச் சோறு பொங்கிய தெருவாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அக்காவின் இந்த நினைவு மலர் கைக்குக் கிடைத்தவர்களில் கணிதம் படித்தவர் ஒருவராவது இருந்தால், தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள். மார்க் எதுவும் போட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எழுதியதைப் படித்தால் போதும். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.