இருமும்போது சேலையைப் பிடித்துக்கொள்கிறவர்கள்

பிரசவம் பார்க்கப் போகிற நர்சுக்கு ஊரில் வெற்றிலை பாக்கு உண்டு. பிரசவம் முடிந்து பதினைந்தாம் நாள் போய்க் கதவைத் தட்டுகிற நர்சுக்கு 'இவள் எதுக்கு இப்ப வந்தா' என்கிற பார்வை மட்டும்தான் உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷம் கழித்து, சர்க்கார் அங்கங்கே தாய்சேய் விடுதி திறந்தபோது, அறந்தாங்கிக்காரியான என்னை ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போட்டார்கள். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொள்கிற சகோதரிகளே, என் வேலையில் பாதி உங்களைப் பற்றியதுதான். நீங்கள் அதை வெளியே சொல்லமாட்டீர்கள். ஆரோக்கியம் சொன்னாள்.

மருந்தில்லாத வைத்தியம்

ஆரோக்கியத்துக்கு வயது இருபத்துநாலு. மாசி மாதம் அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. 'சுகப்பிரசவம்' என்று ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பதினைந்தாம் நாள் பிள்ளையைப் பார்க்கப் போனபோது, மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, "கீழ என்னமோ எறங்குற மாதிரி இருக்கு நர்சம்மா. எந்திரிச்சா நனைஞ்சிருது" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்குகிற சதை தளர்ந்துபோயிருந்தது. பயிற்சிக் காலத்தில் எங்கள் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை நான் அவளுக்குச் சொன்னேன். சிறுநீரை அடக்கும்போது எந்தச் சதையை இழுக்கிறோமோ, அதை மட்டும் உள்ளுக்கு இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல விடவேண்டும். வயிற்றை இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் ஞானம்மாள் வந்து முழுக்கக் கேட்டுவிட்டாள்.

"மாத்திரை இல்ல, ஊசி இல்ல, ஒரு தைலங்கூட இல்ல. நாங்க பெறாத பிள்ளையா? இதச் சொல்லவா இம்புட்டுத் தொலவு சைக்கிள்ல வந்தீக?"

மணி அடிக்காத நாட்கள்

மூன்று வேளை என்று சொல்லிவிட்டேனே தவிர, கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது? அந்த ஊர் மாதா கோவிலில் காலை, மதியம், சாயந்தரம் மூன்று தரம் திரிகால மணி அடிப்பார்கள். மணி கேட்டால் செய்யுங்கள் என்று பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மணி அடித்தவுடன் நாலைந்து வீடுகளில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பக்தி என்று ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

புனித வாரம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏசு பாடுபட்ட துக்கத்துக்காகப் பெரிய வியாழனிலிருந்து மணி வாயைத் திறக்கவில்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை ஆரோக்கியத்தைக் கேட்டேன். இரண்டு நாளாக ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்றாள். மணி இல்லாவிட்டால் என்ன, நீயாகவே செய்யக்கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

"சாமியே கல்லறையில கெடக்கையில, எனக்குன்னு ஒண்ணை எப்புடி நர்சம்மா நான் செய்யிறது?"

வாசலோரம்

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து ஆரோக்கியம் கோவிலுக்குப் போகத் தொடங்கினாள். முன்னால் போய்ப் பாய்மேல் உட்கார்கிறவள் இப்போது கடைசியில், வாசலோரம் நின்றாள். பூசையில் முழங்காலிட்டு எழுந்தால் சேலை நனைந்துவிடும். பாதியில் நழுவி ஓடிவிடுவாள். இவளுக்கு விசுவாசம் குறைந்துபோச்சு என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சுக்காக அவள் என்னிடம் அழுதாள். உடம்பு வலிக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

அன்றைக்குத்தான் வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். என் மகன் பிறந்து முப்பதாம் நாள் நான் டூட்டிக்கு வந்தவள். மேடு பள்ளத்தில் சைக்கிள் குலுங்கும்போது எனக்கும் அதே கதிதான். அதனால்தான் பையில் எப்போதும் ஒரு மாற்றுத் துணி இருக்கும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் எனக்கென்று செய்ததில்லை. அவளோடு சேர்ந்து அன்றைக்கு ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்குமா? அப்பச் சரி, நெசமாத்தான் சொல்றீங்க."

காவடித் தண்ணீர்

தண்ணீர் ஊருணியிலிருந்து வரவேண்டும். பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக் கால்மைல் நடந்தால், காலையில் இழுத்துப் பிடித்ததெல்லாம் மதியத்துக்குள் வீண். ஆரோக்கியத்தின் புருஷன் சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்ல மனுஷன், மறுக்கவில்லை. ஆனால் ஆம்பிளை எப்படி இடுப்பில் குடம் வைப்பான்? ஒரு கம்பின் இரண்டு முனையிலும் குடத்தைக் கட்டித் தோளில் தூக்கினான். அந்த ஊரில் ஆண்கள் காவடியில் தண்ணீர் சுமப்பது விசேஷ வீட்டுக்கு மட்டும்தான். ஆகவே தினமும் அவனைக் கேலி செய்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மூன்று மாதமும் சுமந்தான். ஒருநாள் ஊருணிக்கரையில் ஒரு பெரியவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"என்னடா சவரி, நித்தம் காவடி கட்டுற? வீட்டுல கலியாணமா, கருமாதியா?"

நல்ல சேதி

ஆனி மாதம் ஆரோக்கியத்தை இருமச் சொன்னேன். இருமினாள். சேலை காய்ந்தபடியே இருந்தது. குந்தி எழுந்தாள்; கீழே இறங்குகிற உணர்ச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்னால் போய் உட்கார்ந்து பூசை முடியும்வரை இருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே சவரிமுத்துவிடம் போய், "சரியாயிருச்சுங்க, இனி கவலையில்ல" என்று ஊர் கேட்கச் சொன்னேன்.

அன்று சாயந்தரமே அவன் காவடியை அவிழ்த்தான். மறுநாள் குடம் அவள் இடுப்புக்குப் போனது. ஐப்பசி நடவுக்குச் சேற்றில் குனிந்து நின்றபோது அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். பங்குனியில் நாலாவது பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் கர்ப்பப்பை முழுக்க வெளியே வந்துவிட்டது. வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். பெரிய டாக்டர் கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டு, இனி எந்தப் பயிற்சியாலும் இதை மேலே கொண்டுவர முடியாது என்றார். அவளுக்கு இருபத்தைந்து வயது. திரும்பி வரும்போது வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்த சவரிமுத்துவை நான் என் ஆத்திரம் தீரத் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நீங்கதானே நர்சம்மா சரியாயிருச்சுன்னு சொன்னீங்க. சொல்லாட்டி நான் பாட்டுக்குத் தூக்கிக்கிட்டேதானே இருந்திருப்பேன்."

அதற்குப் பிறகு எந்தப் புருஷன் வந்து 'பெஞ்சாதிக்குச் சரியாயிருச்சா' என்று கேட்டாலும் 'இன்னும் ஒரு வருஷம் ஆகும்' என்றே சொல்லி வந்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த வைத்தியங்களிலேயே நன்றாகப் பலித்தது அந்தப் பொய்தான்.