இட்லி மஞ்சளாகத் தெரிந்த வாரம்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, என் மனைவி தட்டிலிருந்த இட்லியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏன்னா, மாவுல மஞ்சப்பொடி ஏதாவது விழுந்துடுத்தா?”

இட்லி வெள்ளையாகத்தான் இருந்தது. என் தட்டிலும் அதே ஈடுதான். சொன்னேன், அவள் நம்பவில்லை. பால் மஞ்சள், சுவர் மஞ்சள், என் பனியன்கூட மஞ்சள் என்றாள். பனியன் விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மற்றதில் எனக்கு உடனே சந்தேகம் தட்டியது.

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. மும்பையில், வடாலா பக்கம் ஒரு கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பெட்டியைத் திறந்து, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ளதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு திறக்கப் பெட்டி இல்லை. அதனால் செம்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்குள் வருகிற ஒவ்வொன்றையும் முகர்ந்தும் கிள்ளியும் பார்க்க ஆரம்பித்தேன். என்னைக் கண்டால் காய்கறிக்காரர் தராசை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்.

முதலில் பாலைச் சந்தேகித்தேன். ஒரு கரண்டிப் பாலில் அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தேன். மாவு கலந்திருந்தால் நீலமாகும் என்பார்கள், ஆகவில்லை. அடுத்து, புதிதாக மாட்டிய பல்பைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். அவளுக்கு அப்போதும் மஞ்சள்தான். அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே அவளுக்குப் பசி இல்லை, சாதத்தைக் கண்டால் குமட்டல். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்ததும் என் மூளை மாத்திரைக்குத் தாவியது.

அவளுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம், துடிப்பும் ஒழுங்காக இருக்காது. அதற்காக தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, டிஜாக்சின். அளவு துளி கூடினாலும் ஆளையே கவிழ்த்துவிடும் என்று எழுதிக் கொடுக்கும்போதே டாக்டர் எச்சரித்திருந்தார். எனவே அதைக் கொடுப்பது என் பொறுப்பு. அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எழுத்து சரி, தேதி சரி. இருந்தாலும் கீழே மருந்துக்கடைக்குப் போய், இது அசல்தானா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். கடைக்காரர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

“அங்கிள், முஜ்பே பீ ஷக்?” என்றார். என் மேலேயே சந்தேகமா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு மனைவியையே சந்தேகித்தேன். எனக்குத் தெரியாமல் இரண்டாவது மாத்திரை போட்டுக்கொள்கிறாளோ? எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. நான் எண்ணுவதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் திருநெல்வேலி இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்து கட்டில் அருகே நின்றாள்.

“மாத்திரை எத்தன குடுத்திய?”

“ஒண்ணு. எண்ணி வச்சிருக்கேன்.”

“பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சி போயிருக்கு, சார். இதெல்லாம் தானா கொறயாது. கஷாயம், லேகியம், வேற எதும் சாப்பிட்டாவளா?”

நான் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மழை பிடித்ததிலிருந்து அவளுக்கு வறட்டு இருமல். கடையில் விற்கும் சிரப்பில் என்ன கலக்கிறான்களோ என்று, மாட்டுங்காவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நானே பொறுக்கி எடுத்த அதிமதுரம். நானே இடித்து, நானே காய்ச்சி, மூன்று வாரமாகக் காலையும் மாலையும் ஒரு டம்ளர். தித்திப்பாக இருந்ததால் அவளும் ஆசையாகக் குடித்தாள். அந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

“ஒண்ணும் இல்லை” என்றேன்.

மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

“யோசிச்சிச் சொல்லுங்க. காரணம் தெரியாம வைத்தியம் பாத்தா மறுபடியும் இங்கதான் வருவாவ” என்றுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதிமதுரம் மருந்தா என்ன, குழந்தைக்குக்கூடக் கொடுப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரிசோதனைக்கூடத்தில் ரத்தத்தை மாற்றி வைத்திருப்பார்கள் என்றும் நினைத்தேன். கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் அவள் இதயத்தின் கோடு எழும்பி, தட்டையாக நீண்டு, யோசித்து, மறுபடி எழும்பியது. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் பயந்தேன். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அப்புறம் எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேகமாகச் செவிலியரிடம் ஏதோ சொல்லிவிட்டு, என்னை உட்காரவைத்து, மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். அது ஒரு இதயச் செல். அதன் சவ்வில் சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன. மூன்று சோடியத்தை வெளியே தள்ளினால் இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். சோடியம் தானாக உள்ளே வரத்தான் பார்க்கும், பொட்டாசியம் வெளியே போகத்தான் பார்க்கும். இரண்டையும் அதனதன் போக்குக்கு எதிராகத் தள்ளுவதால், ஒவ்வொரு தடவையும் சக்தி செலவாகிறது. காலை நேரத்தில் குர்லாவில் ரயிலை விட்டு இறங்கியவர்களுக்கு இது புரியும். ஏறுகிற கூட்டம் சும்மா வந்துவிடும், இறங்குகிறவன்தான் மூச்சைப் பிடித்து இடிக்க வேண்டும்.

இந்த மாத்திரை வேண்டுமென்றே அந்தப் பம்புகளில் சிலவற்றை அடைக்கிறது. அளவாக அடைத்தால் இதயம் அழுத்திச் சுருங்கும். ஆனால் மாத்திரையும் பொட்டாசியமும் ஒரே பம்புக்குப் போட்டி போடுபவை. பொட்டாசியம் குறைந்தால் அதே ஒரு மாத்திரை இன்னும் நிறைய பம்புகளைப் பிடித்துக்கொள்ளும். அதிமதுரம் தினமும் குடித்தால் பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதும் அந்த மருந்து மிஞ்சியதன் அடையாளம்தான்.

கண்ணால் பார்க்காத பம்பை நம்புவதா என்று அதையும் சந்தேகித்தேன். கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நாலாம் நாள், ஜன்னல் திரை வெள்ளையாகத் தெரிகிறது என்றாள் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதிமதுரம் இருந்த டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தேன். நான் கவிழ்ப்பதை அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாமத்தான் குடுத்துட்டேன்” என்றேன்.

“கஷாயத்தைத் தெரியாமத்தான் குடுத்தேள். அதை நான் ஒண்ணும் சொல்லலை.” குப்பையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். “டாக்டர் கேட்டப்போ ஒண்ணும் இல்லேன்னேளே, அது தெரிஞ்சுதானே சொன்னேள்?”

நான் காலி டப்பாவைக் கழுவப் போனேன்.