பிரக்கிராசியாரின் ராஜினாமா

எங்கட ஊரில் ஒரு ஆளை மதிக்கிறதென்றால் அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் வர வேண்டும். வந்து, சஹனைச் சுற்றி மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே தட்டுச் சோற்றில் கை வைக்க வேண்டும். வராவிட்டால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, "அவருக்கு நம்மட சோறு இறங்காது" என்று ஒரு வசனத்தோடு ஆளை முடித்துவிடுவார்கள். என் மனிசனைப் பற்றி அந்த வசனத்தை நான் வருசக்கணக்காகக் கேட்டேன். கல்யாண வீட்டில் கேட்டேன், கந்தூரியில் கேட்டேன், மௌத்து வீட்டில்கூடக் கேட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.

அவர் அரச சட்டத்தரணி, ஊர் வாயில் பிரக்கிராசியார். பொலிஸ் பிடித்த கொலை, வெட்டுக்குத்து வழக்குகளை மட்டக்களப்பு உயர் நீதிமன்றத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்று நடத்துகிற வேலை. எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது அந்த வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான். எங்கட பக்கத்து வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்கு வந்தார், வாப்பா எனக்கென்று கல்முனையில் கட்டித் தந்த வீட்டுக்கு. அவர் பிறந்தது அட்டாளைச்சேனையில். வந்த முதல் மாசமே சொல்லிவிட்டார்: "இஞ்ச பாரு புள்ள, இந்தக் கரையில எவன் எப்ப எதிரியா கோட்டுக் கூட்டுல ஏறுவான் எண்டு தெரியா. ஆருட ஊட்டுலயும் நான் கை நனைக்க மாட்டன். நீ அதுக்கு என்னோட சண்டைக்கு வரப்படா."

சொன்னபடியே இருந்தார். என் கூடப் பிறந்த தங்கச்சியின் கல்யாணத்துக்கும் வந்து, மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து, சஹன் வைக்கிற நேரம் பார்த்து எழும்பிப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது? "அவருக்கு வயித்துக்கு ஏலா" என்று ஒவ்வொரு பொம்பிளையிடமும் பொய் சொல்லித் திரிந்தேன். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த பாரைக் கறியைச் சட்டியோடு துடைத்துச் சாப்பிட்டவர்தான்.

இறக்காமத்து மனிசி எங்கள் கடப்படிக்கு முதல் தடவை வந்தது எண்பதுகளின் நடுவில். புருசன் மௌத்தானால் பொம்பிளை வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த கையோடு வந்திருந்தா. அவவின் புருசன் கமக்காரன். வயல் வட்டையில் வாய்க்கால் தண்ணீரைத் திருப்புகிற சண்டையில் அவரை மண்வெட்டியால் கொத்திக் கொன்றுபோட்டார்கள். கொத்தினவன் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற கல்முனைப் போடியார் ஒருவரின் மகன். அந்தப் போடியார் வேறு யாருமில்லை, என் குடிக்கு மரைக்கார். தாய்வழியில் எனக்குச் சொந்தம், பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகக் கதைக்கிறவர். இறக்காமத்து மனிசிக்கு அது தெரியாது. பகல் சோறு கொண்டு போனபோது நடந்ததைக் கண்ணால் கண்டது அவ ஒருத்திதான். வேறு சாட்சி இல்லை.

கையில் ஒரு முட்டி எருமைத் தயிர். பஸ் மாறி மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தது. என் மனிசன் வெளியே வந்து நின்றபடியே, "சாட்சி ஊட்டுக்கு வரப்படா. கந்தோருக்கு வாங்க. தயிரத் திருப்பிக் கொண்டு போங்க" என்றார். எனக்குப் பூமிக்குள் போகலாம் போல இருந்தது. அவவுக்கோ கோபமே வரவில்லை. இவர் உள்ளே போன பிறகு என்னிடம் மெல்லச் சொன்னா: "நல்லம் ராத்தா. என்ட தயிர வேணாமெண்டவரு அவங்கட சோத்தையும் தின்ன மாட்டாருதானே."

இவர் வழக்குக் கதை ஒன்றையும் வீட்டில் கதைக்கிறதில்லை. இதை மட்டும் கதைத்தார். கந்தோருக்குப் போன முதல் நாட்களில் அந்த மனிசி வாயே திறக்கவில்லையாம். அழுததுதானாம். மறுகா பாதி சொன்னாவாம், பாதியில் மயங்கினாவாம். இவர் அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்து, வயலைப் பற்றிக் கதைத்து, பிள்ளைகளைப் பற்றிக் கதைத்து, மாசக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "முழுக்கச் சொல்லிட்டா புள்ள. இனி நான் கேக்கிற மாதிரிக் கேட்டா அவ கூட்டுல நிண்டு சொல்லுவா" என்றார். அன்றைக்கு அவரில் எனக்கு வந்த பட்சம், கல்யாணம் முடித்த புதிதில்கூட வரவில்லை.

ஆனால் வழக்கு எங்கே நடந்தது? ஒரு தவணைக்கு ஹர்த்தால். ஒரு தவணைக்குக் கல்லடிப் பாலத்தில் மறித்துத் திருப்பி விட்டார்கள். ஒரு தவணைக்கு நீதிபதி இடம் மாறிப் போனார். போடியாரின் மகன் பிணையில் வந்து, பெருநாளைக்குப் புதுச் சாரம் உடுத்துத் திரிந்தான். அந்த மனிசி ஒவ்வொரு தவணைக்கும் வந்து, மரத்தடியில் இருந்துவிட்டுப் போனா.

பிறகுதான் தேர்தல் வந்தது. கன காலமாக நாங்கள் காணாத தேர்தல், புது முறைத் தேர்தல். சின்னத்துக்கு ஒரு புள்ளடிக் குறி போட்டு, அதற்குப் பிறகு பிடித்த ஆட்களின் இலக்கத்துக்கு மூன்று புள்ளடி போடலாம். ஒரு சுயேச்சைக் குழுவைத் தொடங்கின ஆட்கள் எங்கள் விறாந்தையை நிறைத்தார்கள். "படிச்ச மனிசன், கையில அழுக்கில்லாத மனிசன், நீங்க எம்.பி.யாகாம ஆரு ஆகுற?" என்றார்கள். இவருக்கு முகம் மலர்ந்ததை நான் திரைக்குப் பின்னால் நின்று கண்டேன். உத்தியோகத்தை ராஜினாமா செய்தால்தான் தேர்தலில் நிற்கலாம்.

அவர்கள் போனதும் கேட்டேன்: "இஞ்சாருங்க, அப்ப இறக்காமத்து மனிசிட வழக்கு?"

"வேற ஆள் வருவாரு. வழக்கு அரசாங்கத்துட, என்டயா? பாராளுமன்றத்துக்குப் போனா அவவப் போல நூறு பேருக்குச் செய்யலாம் புள்ள."

நூறு பேரை நான் கண்டதில்லை, அந்த ஒருத்தியைத்தான் கண்டிருந்தேன். போய்த் தேத்தண்ணிப் பீங்கான்களைக் கழுவினேன்.

ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார். குழுவுக்குக் கிடைத்த சின்னம் மேசை. இவருக்கு இலக்கம் ஏழு. சந்தைக்குப் போனால் மீன்காரன்கூட "மேசைக்காரர்ட பொஞ்சாதி வாறா, வழி உடுங்க" என்று பகிடி பண்ணினான். எங்கள் அடுப்பு அணையவே இல்லை. ஆள் வந்தபடி, பீங்கான் நிறைந்தபடி. இவரோ சாப்பிடத் தொடங்கினார். அட அல்லாஹ்வே, எத்தனை வீட்டில். நிந்தவூரில் ஒரு கல்யாணம், சாய்ந்தமருதில் ஒரு பொடியனுக்குச் சுன்னத்துக் கத்னா, மருதமுனையில் மௌத்தான ஒருவருக்கு ஓதின கத்தம். எல்லாச் சஹனிலும் கை. "இப்பதான் பசிக்குதாக்கும்" என்று சனங்கள் என் காது படவே சொன்னார்கள். சொல்லத்தானே செய்வார்கள். தன் தங்கச்சி மாதிரியானவளின் கல்யாணத்தில் இறங்காத சோறு ஊரான் வீட்டில் இறங்கினால் யாருக்குத்தான் விளங்காது?

கடைசியில் போடியார் கூப்பிட்டு அனுப்பினார். குடிச் சனம் முழுக்க வருமாம், வந்து சாப்பிட்டால் வாக்கு முழுக்க ஏழுக்குத்தானாம். நான் "போக வேணாம்" என்றேன். "போகாட்டி உன்ட குடியே எனக்கில்ல எண்டாகிரும்" என்றார். அதுவும் உண்மைதான்.

பொம்பிளைகளோடு உள்ளே இருந்த எனக்குத் திரைச் சீலைக்கு நடுவால் கூடம் தெரிந்தது. சஹன் வைத்தார்கள். போடியார் இவரைத் தன் பக்கத்தில் இருத்தினார். கை கழுவத் தண்ணீர் வார்க்க ஒருத்தன் குனிந்து வந்தான். போடியாரின் மகன். அவன் தண்ணீர் வார்க்க இவர் கையை நீட்டினார். எழும்பி வந்துவிடுவார், இப்ப எழும்புவார், இப்ப எழும்புவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்துதான் வெடித்தேன். "அந்த மனிசி கேள்விப்பட்டா என்ன சொல்லுவீங்க?"

"நான் இப்ப கோட்டுக்காரன் இல்லியே. சட்டப்படி இதில ஒரு பிழையும் இல்ல."

"நான் சட்டமா கேட்டன்?"

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

தோற்றுப் போனார். மேசைக்கு ஒரு ஆசனம் கிடைத்தது, அது வேறு ஒருவருக்குப் போனது. எங்கள் குடிச் சனம் மேசைக்குப் புள்ளடி போட்டதாம். மூன்று ஆட்களின் இலக்கத்துக்கும் போட்டதாம். மூன்றிலும் ஏழு இல்லையாம். "நம்மட பொடியனக் கூட்டுல ஏத்தின ஆளுக்கு நாம ஏன் போடுற?" என்று போடியார் வீட்டிலேயே சொன்னார்களாம். அட்டாளைச்சேனையில் "அவர் கல்முனை மாப்பிளதானே" என்று விட்டுவிட்டார்கள். வீடு வெறிச்சோடிப் போச்சு. தேத்தண்ணிக்கு ஒரு குருவியும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சுவரில் ஒட்டின மேசைகள் மழைக்கு உரிந்து தொங்குகிற நாளொன்றில் இறக்காமத்து மனிசி வந்தா. இவர் அறைக்குள் இருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை. நான்தான் கதிரையைப் போட்டு இருத்தினேன்.

"கோவிக்க வேணாம் ராத்தா" என்று தொடங்கினா. "நானும் எங்கட பக்கத்துப் பொம்பிளைகளும் ஏழுக்குத்தான் போட்ட. அவரு தோத்த கவல எங்களுக்கும் இரிக்கி. எண்டாலும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். வெண்டிருந்தா கொழும்புக்கெல்லுவா போயிருப்பாரு. எங்கட வழக்குக்குத் திகதி போட்டிரிக்கி. இனிப் பழையபடி கோட்டுக்கு வருவாருதானே?"

அவ குரலைத் தாழ்த்தி, "போடியார் ஊட்டுல அவரு சாப்பிட்டாரெண்டு ஒருத்தன் கதைச்சான் ராத்தா. நான் அவனுக்கு நல்லா ஏசிட்டன்" என்றா.

அறைக் கதவைப் பார்த்தேன். இப்பவாவது வருவார் என்று நினைத்தேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்ட சத்தம் மட்டும் கேட்டது.

"அவரு வேலைய உட்டுட்டாரு தங்கச்சி" என்றேன். "உட்டா உட்டதுதான். திரும்ப எடுக்க மாட்டாங்க. இனி உங்கட வழக்க வேற ஆள்தான் பாப்பாரு."

"ஆரு?"

"கொழும்புல இருந்து வந்தவராம். தமிழ் தெரியா. பக்கத்துல ஒரு ஆள் மொழிபெயர்த்துச் சொல்லுவாராம்."

அவ முக்காட்டை இழுத்துச் சரிப்படுத்தினா. பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டா:

"அப்ப நான் கண்டதெல்லாத்தையும் அந்த ஆளுக்கு மறுகா முதல்ல இருந்து சொல்லணுமா ராத்தா?"

பதில் சொல்ல வேண்டியவர் உள்ளேதான் இருந்தார்.

"ஓம்" என்றேன்.