எடம் போட்டது போட்டதுதான்

செங்கல்பட்டு வண்டி உத்திரமேரூர் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே அவள் ஜன்னல் வழியாகத் தன் பையை ஒரு சீட்டிலும் மஞ்சள் கைக்குட்டையைப் பக்கத்து சீட்டிலும் போட்டுவிடுவாள். கைக்குட்டை கிடப்பது எனக்கான இடம். பெருநகர் கிராமத்திலிருந்து நான் வரும் பஸ் என்றைக்கும் தாமதம்தான்.

எண்பதுகளில் செங்கல்பட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இழுத்துப் பின்னிய சடை. பேசும்போது விரல்கள் மடியில் டைப் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கேயே பள்ளியில் வேலை பார்த்த நான் அவளுக்கு 'டீச்சர்', அவள் எனக்குக் 'கம்ப்யூட்டர்'. பெயர் தேவைப்படவே இல்லை.

ஒருநாள் சொன்னாள்: "பழைய மிஷினைத் தூக்கிட்டு புதுசு வெச்சிக்கிறாங்க டீச்சர். உள்ள ஓடற சிஸ்டமே வேற. மிஷின்ல தட்டு வெக்கற ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு எழுத்து உண்டு. ஆனா பழசுல இருந்த மாதிரியே ஏ, பி-ன்ற எழுத்து ரெண்டும் சொருகி எடுக்கற பிளாப்பித் தட்டுக்குத்தான். புதுசா வந்த பெரிய டிஸ்க்கு, சி-ல போய்க் குந்திக்கினு கீது."

"பிளாப்பியே இல்லாமப் போயிட்டா?"

"போனா இன்னா? எடம் போட்டது போட்டதுதான்."

பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. ஏனென்று யாரிடம் கேட்பது? கொஞ்ச நாள் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

இன்று என் லேப்டாப்பில் பிளாப்பி போட வழியே கிடையாது. ஆனாலும் திறந்தால் டிஸ்க்குகளின் எழுத்து வரிசை சி-யில்தான் ஆரம்பிக்கிறது. ஏ-யிலும் பி-யிலும் இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை.