தலை நிற்காத மாத்திரை

எங்கள் மாத்திரைக்குத் தலை நிற்கவில்லை. எந்திரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று வந்து விழும். விரலால் தொட்டால் மேல்பாதி டப்பா மூடி மாதிரிக் கழன்றுகொள்ளும். தூத்துக்குடிக்கு வெளியே, புதுக்கோட்டை என்ற சிற்றூர்ப் பக்கம் இருந்த அந்த மருந்து ஆலையில் நான் அப்போது தற்காலிக ஊழியை. மாத்திரை உருப்பட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

என்னவெல்லாம் செய்து பார்த்தோம்! அழுத்தத்தைக் கூட்டினோம்; இன்னும் அழகாகக் கழன்றது. எந்திரத்தின் வேகத்தைக் குறைத்தோம், நிதானமாகக் கழன்றது. ஒன்றில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. மருந்து மாவைப் பிசைந்து குருணையாக்கியபின் அதை உலர்த்தும் நேரம். உப்பு விளைகிற ஊரில் உப்பு டப்பாவே கசிந்து வழிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்; ஈரம் என்றாலே குலைநடுக்கம். "கடக்காத்தும்மா இது, கடல் ஈரத்த அள்ளிக்கிட்டு வரும். நல்லாக் காயட்டும், இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார் மேலாளர். நானும் தலையாட்டிக்கொண்டு காயவிட்டேன்.

கடைசிச் சோதனை நாள் காலையில் என் வீட்டுக்காரர் எனக்காகப் புட்டு அவித்தார். குழலிலிருந்து தள்ளியதும் மேல் துண்டு தனியாகக் கழன்று தட்டில் உருண்டது. மிச்சம் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை.

"ஏளா, மாவுல தண்ணி பத்தல. அதுக்குப் போயி இப்படியா சிரிக்க?"

அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன்.

"சார், நாம காயப்போட்டே கொன்னுருக்கோம்! கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் பிடிச்சு நிக்கும். ஏசி போட்ட அறைக்குள்ளதான் கடக்காத்து வராதே, பெறகு எதுக்குப் பயம்?"

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரத்துல ஒட்டிக்கிட்டுன்னா நீதாம்மா பொறுப்பு" என்றார்.

அன்றைக்குக் குருணையை முன்னதாகவே எடுத்துவிட்டேன். மாத்திரைகள் உடைகின்றனவா என்று பார்க்கும் சோதனை உருளையில் போட்டுச் சுழற்றினேன். உருளை நின்றது. அத்தனைக்கும் தலை இருந்தது! மேலாளர் ஒன்றை எடுத்து நகத்தால் நெம்பிப் பார்த்தார், நகம்தான் மடங்கியது.

"உன் வேலைக்கு ஆர்டர் அடிக்கச் சொல்லுதேன்" என்றார்.

வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சே வாங்கியது. "வேலை நிரந்தரமாயிட்டு! எல்லாம் உங்க புட்டாலதான்!"



"அப்பம் நாளைக்கும் தண்ணி தெளிக்காமலே அவிக்கட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.